எத்தனை அங்குலம் உழணும்?

போன ஆடி மாசம் நண்பர்களோட குற்றாலம் போயிருந்தேன். அருவிக் குளியல், சாரல், பிரானூர் பார்டர்ல பரோட்டா, கோழி. எல்லாரும் பண்றதுதான். மறுநாள் நான் மட்டும் சங்கரன்கோவில் பக்கம் பஸ் ஏறினேன். கிழக்கே போகப் போக சாரல் காணாமப் போச்சு, காத்து மட்டும் அடிச்சுது. ரெண்டு பக்கமும் கரிசல் மண். மானாவாரி மக்காச்சோளம் விளையுற பூமி. கோழித் தீனியில பெரும்பங்கு இந்த மக்காச்சோளம்தான்.

ஒரு புஞ்சையில பயிரே இல்ல, ஆனா மண்ணு கட்டி கட்டியாப் புரண்டு கிடந்தது. "எதுக்கு அண்ணாச்சி இப்பவே உழுது போட்டிருக்கீங்க?"ன்னு கேட்டேன்.

"புரட்டாசி மழை மண்ணுக்குள்ள இறங்கணும்லா தம்பி. இறுகிக் கிடந்தா ஓடிப் போயிரும்."

"எவ்வளவு ஆழம் உழணும்?"

"அதத்தான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ."

அவர் சொன்ன அந்தச் சண்டைக்கு நூத்தம்பது வருஷ வரலாறு இருக்கு. சென்னையில இருக்கிறவங்க சைதாப்பேட்டையைத் தினமும் கடந்து போவீங்க. 1865-ல அங்கதான் அரசாங்கம் ஒரு மாதிரிப் பண்ணை தொடங்குச்சு. கவர்னர் வில்லியம் டெனிசன் இங்கிலாந்துல இருந்து நீராவிக் கலப்பையையே வரவழைச்சார். நம்ம நாட்டுக் கலப்பை மண்ணைச் சும்மா கீறுது, ஆழமா உழுதாத்தான் விளைச்சல்ங்கிறது அன்றைய நம்பிக்கை.

கால் நூற்றாண்டு கழிச்சு ஜான் அகஸ்டஸ் வோல்கர்னு ஒரு வேதியியல் அறிஞர் இந்தியா முழுக்கச் சுத்திப் பார்த்தார். 1893-ல வந்த அறிக்கையில, இந்திய விவசாயி சராசரி பிரிட்டிஷ் விவசாயிக்குக் குறைஞ்சவர் இல்லைன்னு எழுதினார். நாட்டுக் கலப்பையையும் அவர் கேலி பண்ணல. இங்கிலாந்து ஈர பூமி. இங்கே நேரம் தவறி ஆழமாப் புரட்டினா, இருக்கிற கொஞ்ச ஈரமும் ஆவியாயிடும்.

மக்காச்சோளத்தின் பெரிய தேசமான அமெரிக்கா இதை ரொம்ப வலியோட கத்துக்கிச்சு. உழுது உழுது புழுதியாக்கின நிலம் 1930-கள்ல வறட்சி வந்ததும் காத்தோட பறந்து போச்சு. 1943-ல எட்வர்ட் ஃபாக்னர்னு ஒருத்தர், கலப்பைதான் குற்றவாளின்னு புத்தகமே எழுதினார். களைக்கொல்லி வந்த பிறகு, பழைய தட்டையை நிலத்துலயே விட்டுட்டு உழாமலே சோளம் விதைக்கிற முறை அங்கே பரவுச்சு.

அப்போ நாமும் உழவை விட்டுடலாமா? அவசரப்படாதீங்க. 2018-ல இந்தியாவுக்குள்ள படைப்புழு வந்துச்சு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. குருத்துக்குள்ள உக்காந்து தின்னுட்டு, கீழே இறங்கி மண்ணுல ஒண்ணு ரெண்டு அங்குல ஆழத்துல கூட்டுப்புழுவாகும். கோடையில புரட்டி விட்டா வெயிலும் பறவைகளும் அதைக் கவனிச்சுக்கும். உழாம விட்டா, பத்திரமா உறங்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. டிராக்டரால வருஷா வருஷம் ஒரே ஆழத்துல உழுதா, மேல மாவு மாதிரி மண், அடியில இறுகின தட்டு. வேரும் இறங்காது, தண்ணியும் இறங்காது. மக்காச்சோள வேர் தண்ணி தேங்கினா தாங்காது. அதனாலதான் அடிமண் இறுகின நிலத்துல மூணு வருஷத்துக்கு ஒரு தடவை உளிக்கலப்பை ஓட்டச் சொல்றாங்க. அது மண்ணைப் புரட்டாது, கீழே பிளந்து மட்டும் விடும்.

ஆக, எத்தனை அங்குலம்ங்கிற கேள்வி மட்டும் போதாது. எப்போ, எந்த மண்ணுல, எந்த மழையை நம்பின்னும் கேக்கணும். சைதாப்பேட்டை நீராவிக் கலப்பை கேக்காம விட்டது அதைத்தான். இன்னைக்கு யாராவது "உழவே வேண்டாம்"னு ஒரே பதில் சொன்னாலும் அதே தப்புதான்.

அண்ணாச்சிக்கு இது வெறும் விவாதம் இல்ல. டிராக்டர் வாடகை கையை விட்டுப் போயாச்சு. கிளம்பும்போது அவர் வானத்தைப் பார்த்தார். மேற்கே குற்றாலத்து மலை மேல மேகம் கட்டி நின்னுச்சு. அந்த மழை அவருக்கு வராது. அவருடையது புரட்டாசியில, கிழக்கே இருந்து வரணும்.