புதுப்பேட்டையில் பிரித்துக் கோர்த்த வாட்டர் பம்ப்

வழியில் ஒரு வேன் கொதித்து நின்றால் கூடுகிறவர்கள் எல்லோரும் ரேடியேட்டரைத்தான் பார்ப்பார்கள். ஆவி அங்கிருந்துதானே வருகிறது. ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள்: அடைப்பு எடுக்கணும், பெரிய ரேடியேட்டரா மாத்தணும், தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியணும். வாட்டர் பம்ப்பின் பேர் கடைசியில்தான் அடிபடும். அதற்குள் ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்து, செலவு எங்கேயோ போயிருக்கும். புதுப்பேட்டையில் நான் வேன் வேலை பழகிய நாளிலும் இப்படித்தான், இன்றைக்கும் இப்படித்தான். மாறிப்போனது பம்ப். அதைப் பிரித்து, உள்ளுறுப்பு மாற்றி, மறுபடி கோர்த்துக் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த வேலைக்கு இப்போது ஆள் தேட வேண்டியிருக்கிறது.

பம்ப் இல்லாமலும் என்ஜினைத் தண்ணீரால் ஆற்ற முடியும். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். 1908-இல் ஃபோர்டு மாடல்-டி கார் வந்தபோது முதல் 2,500 வண்டிகளுக்குப் பம்ப் இருந்தது. பிறகு இந்தச் செலவு எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். தண்ணீரின் இயல்பான ஓட்டத்தையே நம்பி ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றார்கள். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மைபாக் அதற்குச் சில வருஷம் முன்பே வேறு வழி பிடித்திருந்தார். 1901 மெர்சிடிஸ் காருக்கு அவர் செய்த ரேடியேட்டரில் 8,070 சின்னஞ்சிறு குழாய்கள். பம்ப் தள்ளிவிட, 9 லிட்டர் தண்ணீரே போதுமானதாயிற்று. கடைசியில் வென்றது மைபாக்கின் வழிதான். என்ஜின் சின்னதாகவும் சக்தி அதிகமாகவும் ஆக ஆக, தண்ணீர் தானாக நகரட்டும் என்று காத்திருக்க முடியவில்லை.

காரைவிட வேனுக்குப் பம்ப்பின் தயவு இன்னும் கூடுதலாகத் தேவை. காரில் என்ஜின் முன்னால் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பழைய வேனில் டிரைவருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் நடுவிலோ, சீட்டுக்கு அடியிலோ ஒரு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும். மெட்ராஸில் பிறந்த வேன் ஒன்று இதற்கு நல்ல சாட்சி. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனி 1958-இல் 'அட்லஸ்' என்று ஒரு வேன் கொண்டுவந்தது. காருக்குச் செய்த 948 சிசி என்ஜினைத் தூக்கி அதில் வைத்தார்கள். பாவம், அது இழுக்கத் திணறியது, பின்னால் பெரிய என்ஜின் மாற்றினார்கள். அந்த வேனின் வாரிசுதான் நம்மூர் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் செய்த 'ஸ்டாண்டர்டு 20'. வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை 1980-களின் இறுதியில் கார் செய்வதை நிறுத்தியபோது அந்த வேன்களுக்குக் கம்பெனி சாமான் வரும் வழியும் அடைபட்டது. அதற்கு முன்பே புனேயிலிருந்து பஜாஜ் டெம்போவின் மெட்டடார் வந்திருந்தது. கல்யாணம், சபரிமலை, கட்சி மாநாடு என்று தமிழ்நாடு முழுக்க அதுதான் ஓடியது. 1984-இல் மாருதி வேன், பின்னாளில் ஆம்னி என்று பேர் வாங்கியது, 796 சிசி என்ஜினைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

இந்த வண்டிகளை எல்லாம் மலை ஏற்றிப் பார்த்தால்தான் பம்ப்பின் யோக்கியதை தெரியும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். கீழே மேட்டுப்பாளையத்தில் சமாளித்த வண்டி, கல்லாறு தாண்டி முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்றும் இல்லை, கொதிநிலையும் இறங்கிக்கொண்டே போகிறது. இதற்குத்தான் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி வந்தது. உள்ளே அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். இந்த மூடி விஷயத்தில் சென்னைக்குப் பெருமை சேர்ந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்யும் இயந்திரங்களை இங்கிலாந்திலிருந்து வாங்கிவந்து, 1990-களின் தொடக்கத்தில் இங்கிருந்தே மூடி அனுப்ப ஆரம்பித்தது சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். அதே காலத்தில் நம்மூரில் பாதி வேன்களில், ரப்பர் போன மூடிக்கு அடியில் சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆதி காலத்துப் பம்ப்பில் அச்சைச் சுற்றித் தண்ணீர் ஒழுகாமலிருக்க கிராஃபைட் பூசிய கயிறு சுற்றியிருப்பார்கள். கிளாண்ட் கயிறு. பக்கத்தில் ஒரு கிரீஸ் கப். டிரைவர் அதைத் திருகிக் கிரீஸை உள்ளே தள்ள வேண்டும். ஒழுகினால் கிளாண்ட் நட்டை ஒரு சுற்று இறுக்கலாம், ரொம்ப இறுக்கினால் அச்சு தேயும். பிறகு கார்பன் சீல் வந்தது. ஸ்பிரிங் அழுத்த, வழவழப்பான கார்பன் வளையம் ஒன்று எதிர் முகத்தோடு ஒட்டிச் சுற்றும். கிரீஸ் கப் போயிற்று. அதோடு டிரைவர் பம்ப்பைத் தொட்டுப் பார்ப்பதும் போயிற்று.

புதுப்பேட்டையில் நாங்கள் பார்த்தது இந்தக் கார்பன் சீல் பம்ப்பைத்தான். பழைய வண்டிகளைப் பிரித்த சாமான் கூவம் கரையோரத் தெருக்களில் குவிந்து கிடக்கும். புது உள்ளுறுப்பு வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய் ஒரு கிட் வாங்கி வரவேண்டும்: அச்சோடு சேர்ந்த பேரிங், சீல், பேக்கிங் பேப்பர். முதலில் புல்லர் போட்டு ஃபேன் ஹப்பைக் கழற்றுவார்கள். வார்ப்பிரும்பு பாடியை லேசாகச் சூடு காட்டி, பிரஸ்ஸில் வைத்து அச்சைப் பின்னாலிருந்து தள்ளுவார்கள். சுத்தியலால் அடிப்பவனுக்கு மேஸ்திரியிடம் வசவு நிச்சயம், பேரிங் குண்டுகள் தடம் பதிந்துவிடும் என்பதால். புது சீலின் முகத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. கடைசியாக, தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரை அச்சில் அழுத்தும்போதுதான் வேலைக்காரன் யாரென்று தெரியும். இம்பெல்லர் இறக்கைக்கும் பாடிக்கும் நடுவே 20 தௌ இடைவெளி, அதாவது அரை மில்லிமீட்டர். குறைந்தால் உரசும், கூடினால் தண்ணீர் தள்ளாது. ஃபீலர் கேஜை விட்டு, இழுத்து, மறுபடி விட்டுப் பார்ப்பார் மேஸ்திரி. பக்கத்தில் டிரைவர் நின்று, "ஆயிடுச்சா அண்ணே, சாயந்திரம் டிரிப் இருக்கு" என்று அரித்துக்கொண்டிருப்பார். அதற்கெல்லாம் மேஸ்திரி நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

நோய் கண்டுபிடிக்கும் முறை அன்றும் இன்றும் ஒன்றுதான். பம்ப் பாடியின் அடிப்பக்கம் சின்னதாக ஒரு துளை இருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியே வெளியே சொட்டும்படி செய்திருக்கிறார்கள். அங்கே வெள்ளையாகவோ துரு நிறத்திலோ கோடு படிந்திருந்தால் வேறு சாட்சி வேண்டாம். இந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு "லீக் நின்னுடுச்சு" என்று காசு வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பேரிங்கைத் தின்று, ஃபேன் கழன்று ரேடியேட்டரைக் கிழிக்கும்வரை அது நின்றுதான் இருக்கும்.

பேரிங் போயிருக்கிறதா என்று பார்க்க என்ஜினை நிறுத்தி, ஃபேனை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் போதும். பழைய வேன்கள் பலவற்றில் ஃபேன் பம்ப் அச்சிலேயே இருக்கும். ஆம்னி மாதிரி கரண்ட் ஃபேன் உள்ளவற்றில் புல்லியை அசைக்க வேண்டும். ஓடும் என்ஜினில் நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பாடியில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால், நல்ல பேரிங் சீராக முனகும், கெட்டது கரகரக்கும்.

மூன்றாவது ரகக் கோளாறுதான் ஆளை ஏமாற்றும். சொட்டு இல்லை, சத்தம் இல்லை, ஆட்டமும் இல்லை. வேன் மட்டும் கொதிக்கும். உள்ளே இம்பெல்லர் அச்சில் நழுவிச் சுற்றும், அல்லது அதன் இறக்கைகள் கரைந்து குட்டையாகியிருக்கும். வருஷக்கணக்காகப் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வேன்களில் இதை நிறையப் பார்க்கலாம். உப்பு ஒரு பக்கம் பிளாக்கில் படியும், துரு இன்னொரு பக்கம் இறக்கையைத் தின்னும். என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காத்திருந்து, பிறகு லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துப் பார்க்க வேண்டும். வாயில் தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அசையாமல் நின்றால் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம். 82 டிகிரி வாக்கில் அது திறந்துகொண்டால் குற்றவாளி பம்ப்தான். தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கமும் இங்கே உண்டு. நம்மூர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று எவர் கிளப்பிவிட்டாரோ.

மாருதி வந்த பிறகு பம்ப்பை முழுசாகக் கழற்றி முழுசாக மாட்டும் காலம் வந்தது. அலுமினிய பாடியை நம் பிரஸ்ஸில் வைத்தால் விரிசல் விடும். உள்ளுறுப்பு தனியாகக் கடையில் கிடைக்காது. புது பம்ப் விலையும் மேஸ்திரியின் அரை நாள் கூலியும் கிட்டத்தட்ட ஒன்றானபோது யார் பிரிப்பார்கள்? ஒருவர் பின் ஒருவராகப் பிரஸ்ஸை விற்றுவிட்டு ஏசி வேலைக்கும் கியர்பாக்ஸ் வேலைக்கும் போய்விட்டார்கள். இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை, அவர்கள் கணக்கு சரியான கணக்கு. ஆனால் ஸ்டாண்டர்டு, மெட்டடார் வைத்திருப்பவருக்குப் புது பம்ப் என்று கடையில் தருவதில் தகடு இம்பெல்லர் வைத்த மட்டமான சாமானும் கலந்து வருகிறது. பெட்டி புதுசு, லேபிள் பளபளப்பு. இறக்கை உயரம் மட்டும் பழையதில் முக்கால்.

அதனால் பழைய வேன் வைத்திருப்பவர்கள் கழற்றிய வார்ப்பிரும்பு பம்ப்பைப் பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுவிட வேண்டாம். பாடியில் விரிசல் இல்லையென்றால் அதை மறுபடி கோர்க்கலாம். அளவு பார்த்து அச்சு கடைந்து தரும் லேத் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. புதுசு வாங்கினாலும் பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய் இரண்டு இம்பெல்லரையும் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். மாட்டிய பிறகு போர் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள்.