பட்டியலுக்கு முன்னால் பாட்டு

நிக்கேயாவில் கான்ஸ்டன்டைன் பிஷப்புகளைக் கூட்டினார், எந்த நற்செய்தி உள்ளே, எது வெளியே என்று ஓட்டுப் போட்டு முடித்தார்கள். இப்படி நம்புகிறவர்கள் என் நண்பர்களிலேயே நிறையப் பேர். 'டாவின்சி கோட்' பார்த்த வேலை அது. 325இல் அங்கே நடந்த சண்டை இயேசு யார், ஈஸ்டர் என்றைக்கு என்பதைப் பற்றி. அந்தச் சபை போட்ட 20 விதிகளில் ஒன்றுகூட நூல் பட்டியல் இல்லை.

நம்மிடமும் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது. மூவர் பாடல்கள் மறைந்துபோய், தில்லையில் பூட்டிய அறைக்குள் கரையான் தின்றுகொண்டிருந்தன. ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் போய் மீட்டார்கள், நம்பி திருமுறையாகத் தொகுத்தார். சொல்வது திருமுறை கண்ட புராணம். சம்பவத்துக்குச் சுமார் 300 வருசம் கழித்து எழுதப்பட்டது.

ஆனால் ராஜராஜனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டு, கோயிலில் திருப்பதியம் பாடுகிறவர்களுக்கு நிவந்தம் சொல்கிறது. அப்புறம் யார் மறந்தது? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் பதிகம் பாட 48 பேர், கூட உடுக்கையும் மத்தளமும் வாசிக்க 2 பேர் வைத்தான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததற்குச் சம்பளம் நிர்ணயித்தான், அவ்வளவுதான்.

நற்செய்திகளும் அப்படித்தான். 150 வாக்கில் ரோமில் இருந்த ஜஸ்டின், ஞாயிறு கூட்டங்களில் அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளை வாசிக்கிறோம் என்று எழுதுகிறார். வாசித்தார்கள், அதனால் வேதமாச்சு. 180 வாக்கில் இரேனியஸ், திசை நான்கு, ஆகவே நற்செய்தியும் நான்கு என்றார். எனக்கு இது முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணம் தேடின மாதிரித்தான் படுகிறது. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் ஒரே பட்டியலாக வருவது 367இல், அத்தனாசியஸின் ஈஸ்டர் கடிதத்தில்.

சென்னிமலைக்காரங்களுக்கு இது ஒன்றும் புதுசில்லைங்க. கந்த சஷ்டி கவசம் அரங்கேறியது எங்க மலைமேல்தான் என்பது ஊர் நம்பிக்கை; சென்னிமலையின் இன்னொரு பெயரான சிரகிரியும் அதற்குள் வருகிறது. எழுதிய தேவராய சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டுக்காரர். கவசம் எந்தத் திருமுறையிலும் இல்லை. சூலமங்கலம் சகோதரிகள் குரலில், தறிச் சத்தத்துக்கு மேலே காலையில் கேட்கிறது. பன்னிரு திருமுறையை ஒருதரம்கூடப் புரட்டாதவர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. பேதுருவின் நற்செய்தியை ரோசஸ் ஊர்க்காரர்கள் வாசித்து வந்தார்கள். அந்தியோக்கியா பிஷப் செராப்பியன் முதலில் சரி என்றார், பிறகு படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். வாசிப்பு நின்றது, பிரதியும் நின்றது. 1886–87 குளிர்காலத்தில் எகிப்தில் அக்மீம் என்ற இடத்தில் ஒரு கல்லறைக்குள் அதில் ஒரு துண்டு கிடைத்தது. ஆராய்ச்சியாளர்கள் படிக்கிறார்கள். எந்தச் சபையும் அதை ஞாயிற்றுக்கிழமை வாசிப்பதில்லை.

1917இல் திருவிடைவாய்க் கல்வெட்டில் சம்பந்தர் பதிகம் ஒன்று கிடைத்தது. தொகுப்பில் இல்லாத பதிகம். அதை அச்சில் தேவாரத்தோடு சேர்த்துக்கொண்டார்கள், ஊரும் பாடல் பெற்ற தலமாகிவிட்டது. சம்பந்தரைப் பாடுவதை மட்டும் யாரும் நடுவில் நிறுத்தியிருக்கவில்லை.