ஏடறியாத ஒல்லாந்தரும் ஏடறிந்த ஒல்லாந்தரும்

இலங்கை மலைநாட்டின் ஹேவாஹெட்டப் பிரதேசத்தில் ஒல்லாந்தப் பெயர் தாங்கிய குடும்பமொன்றின் பூர்வீகத்தை ஆராயப் புகுவோர் முதற்கண் மனத்திற் கொள்ளவேண்டியது, ஒல்லாந்தர் இம்மலைநாட்டை ஒருபோதும் ஆண்டவரல்லர் என்பதேயாம். 1640-இல் காலியையும், 1656-இல் கொழும்பையும், 1658-இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பெனியார், 1765-இல் ஆளுநர் வான் எக் தலைமையில் கண்டி நகருட் புகுந்து சூறையாடினராயினும், சில மாதங்களிலேயே பின்வாங்கி, மறு ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டு கரையோரத்தோடு அமைந்தனர். அவர்தம் தேவாலயமோ, பாடசாலையோ, தோம்பு எனப்படும் பதிவேடோ இம்மலைகளில் ஏறியதில்லை.

ஆயினும் ஒல்லாந்தர் இங்கு வாழவில்லை என்று கூறிவிடுதல் பிழையாகும். 1664-ஆம் ஆண்டின் கலகத்திற்குப் பின் இரண்டாம் இராஜசிங்க மன்னன் தன் அரண்மனையை ஹங்குரன்கெத்தப் பகுதிக்கு மாற்றியகாலை, போரிற் பிடிபட்டவரும், தூது வந்து திரும்பப்பெறாதவருமான ஒல்லாந்தர் பலர் மலைக் கிராமங்களில் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். 1660 முதல் 1679 வரை அம்மன்னனிடம் சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681-இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலில் ஹேவாஹெட்ட நாட்டைப் பெயர் சுட்டியே குறித்து, இக்கைதிகளுட் சிலர் உள்நாட்டுப் பெண்டிரை மணந்து மக்களைப் பெற்று வாழ்ந்தமையையும் எழுதியுள்ளார். அம்மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒல்லாந்தப் போதகர் எவரும் இருந்ததாக அறியோம். ஆகவே அவர்கள் பெயரெழுதிய ஏடும் இல்லை. அவர்தம் சந்ததி இம்மலைகளின் கிராமங்களிற் கலந்து, தன் பெயரையும் தொன்மையையும் ஒருங்கே இழந்துவிட்டது. இந்நாட்டு மண்ணில் உண்மையாக வாழ்ந்த ஒல்லாந்தர் ஏடறியாதவராய்ப் போயினர் என்பது எண்ணுந்தோறும் நெஞ்சை உறுத்துகின்றது.

இன்று இங்கு காணப்படும் ஒல்லாந்தப் பெயர்கள் வேறொரு காலத்தில், வேறொரு வழியாய் வந்தவை. 1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகி, பின்னர்க் கோப்பித் தோட்டங்கள் பெருகியபொழுது, ஐரோப்பிய வழியினராகிய கரையோரத்துப் பறங்கியர் எழுதுவினைஞராகவும், நில அளவையாளராகவும், மருந்து கலப்போராகவும் மலையேறினர். ஹேவாஹெட்டப் பகுதியைச் சேர்ந்த லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட 1867-ஆம் ஆண்டிலேயே புகையிரதமும் கண்டியை எட்டியதால் இவ்வரவு மேலும் பெருகிற்று. ஆதலின் பாட்டனாரின் விவாகத்தைக் கண்டித் தேவாலயப் பதிவேடுகளிற் கண்டவர், அதற்கு முந்திய தலைமுறைகளைத் தேடக் கரையோரத்திற்கே இறங்கவேண்டும்.

இறங்கியவுடன் அடையவேண்டிய இடம் கொழும்பிலுள்ள வுல்வெண்டால் தேவாலயம். 1749-இல் தொடங்கி 1757-இல் நிறைவெய்திய அக்கோயிலின் ஏடுகளில் ஒரு ஞானஸ்நானப் பதிவைப் பொறுமையோடு நோக்குவோமாயின், குழந்தையின் பெயர், தந்தை பெயர், தாய் பெயர் ஆகியவற்றை அடுத்துச் சாட்சிகளாக நின்ற ஞானத் தாய்தந்தையரின் பெயர்களும் இருக்கக் காணலாம். அவசரக்காரர் இச்சாட்சிகளைப் பொருட்படுத்தாது கடந்துவிடுவர். பெரும்பாலும் பாட்டன், பாட்டி, மாமன், சிற்றன்னை முதலிய உறவினரே சாட்சி நிற்பர். தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடுவதும் அவர்தம் வழக்கு. ஆதலால் தாயின் குலப்பெயர் எழுதப்படாதவிடத்தும், சாட்சியின் பெயர்கொண்டு அவள் பிறந்த வீட்டைக் கண்டுகொள்ள இடமுண்டு. வீட்டுவேதாகமத்தின் முன்னேட்டில் மூதாதையர் எழுதிவைத்த குறிப்புகள் அரிய செல்வமேயெனினும், நினைவிலிருந்து பிற்காலத்தில் ஒரே மையில் எழுதப்பட்டவற்றைத் தேவாலய ஏட்டோடு ஒப்புநோக்காது ஏற்றல் தகாது.

இந்நாட்டில் முதன்முதற் கால்வைத்த மூதாதையைக் கண்டபின் ஹேக் நகரத்துச் சுவடிக்கூடத்திலுள்ள கப்பற் சம்பளக் கணக்கேடுகளை நாடவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டிற்கு மட்டும் ஆறு இலட்சத்திற்கு மேற்பட்ட பதிவுகள் அவற்றினின்று தொகுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவனுக்கும் தனிக் கணக்கு. அவன் பெயர், பிறந்த ஊர், ஏறிய கப்பல், பதவி, புறப்படுமுன் பெற்ற இரண்டு மாத முன்பணம், பட்ட கடன், ஊரிலுள்ள மனைவிக்கோ தாய்க்கோ ஒதுக்கிய தொகை, இறுதியாக அவன் இறந்தானா, திரும்பினானா, ஓடிப்போனானா என்னும் முடிவு ஆகியன அங்கே காணப்படும். இவ்வேட்டைக் கண்டோர் பலர், தம் ஒல்லாந்த மூதாதை ஜெர்மானியர் என்றோ, பிளெமிய நாட்டவர் என்றோ, ஸ்கந்திநேவியர் என்றோ அறிந்து வியப்புற்றனர். இலங்கைக்கும் நெதர்லாந்திற்கும் உள்ள தொடர்புகளை ஆராய்ந்தெழுதிய ஆர். எல். புரோகியர்தாமும் பிரெஞ்சு வழியினரே.

அரசாங்கச் சுவடிக் காப்பாளராயிருந்த ஆர். ஜி. அந்தோனிஸ் முதலியோர் முயற்சியால் 1908-இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம், தன் சஞ்சிகையில் வெளியிட்ட வம்சாவளிகளால் செய்த உபகாரம் அளவிடற்கரியது. எனினும் கும்பெனி ஊழியனாகிய ஐரோப்பியனிடமிருந்து தந்தைவழியாக வந்தவரே அங்கத்தவராதற்கு உரியர் என்ற அதன் விதி, வம்சத்தின் ஒரு பாதியை இருளில் தள்ளிவிட்டதென்றே கருதுகிறேன். ஐரோப்பியப் பெண்டிர் அரிதாயிருந்த பதினேழாம் நூற்றாண்டில், ஆளுநர் றிக்லொவ் வான் கூன்ஸ் தம் போர்வீரர் இந்நாட்டுப் பெண்களை மணத்தலை ஊக்குவித்தாரன்றோ? அப்பெண்கள் ஞானஸ்நானத்தின்போது புதுப்பெயர் பெற்றமையால், பூர்வப் பெயர் ஏட்டில் ஏறாது மறைந்தவர் பலர்.

தந்தைவழியும் ஐரோப்பாவிற்கே செல்லுமென்ற நியதி இல்லை. ஒண்டாச்சி குடும்பத்தின் முதல்வர், தஞ்சையிலிருந்து 1659-இல் கொழும்புக்கு வரவழைக்கப்பட்டு ஆளுநர் மனைவியின் நோயைத் தீர்த்த வைத்தியர் என்று அக்குடும்ப மரபு கூறும். அவ்வழியில் தோன்றிய வில்லெம் யூரியான் ஒண்டாச்சி ஒல்லாந்தச் சபையின் போதகரானார். 1758-இல் கொழும்பிற் பிறந்த அவர் புதல்வர் குவின்ற் ஒண்டாச்சி, உத்ரெக்ற் நகரத்துத் தேசபக்தர் இயக்கத்தின் தலைவருள் ஒருவராய் விளங்கினார். பிற்றைநாளில் வில்லியம் ஒண்டாச்சி என்பார் நம் பேராதனைப் பூந்தோட்டத்தின் பொறுப்பில் இருந்தார். நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சி கொழும்புத் தோமையார் தேவாலயத்தின் ஏடுகளிலும் கற்களிலும் தம் குலத்தைத் தேடிய வரலாற்றை 1982-இல் நூலாக்கினார். ஒல்லாந்தப் பெயரொன்றின் வேரைத் தேடி மலையிறங்குவோர் ஆம்ஸ்ரடாமுக்குக் கடிதம் எழுதுமுன், தஞ்சைக்கும் நாகபட்டினத்திற்கும் செல்லும் வழியையும் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்வார்களாக.