கடல் நடுவே கைவேலை

கடல் நடுவே மரம் பழுதானால் தச்சனைத் தேட வழியில்லை. குமரிக்கு மேற்கே, 1544-இல் புனித சவேரியாரிடம் ஞானஸ்நானம் பெற்ற எம் முன்னோரின் வழித்தோன்றல்களாகிய நாம், இந்த யூபிலி வேளையில் அவர்களது கைத்திறனை நினைவுகூர்கிறோம்.

கட்டுமரத்தில் தடிகளைப் பிணைப்பது கயிறே. அலையில் கட்டுத் தளர்ந்தால் ஒருவர் நீரில் இறங்கிக் கயிற்றை அடியில் செலுத்துவார். மேலிருப்பவர் இழுத்து இறுக்குவார். பாய்மரம் ஒடிந்தால் துடுப்பே பாய்மரம். வள்ளத்தின் பலகைத் தையலில் நீர் கசிந்தால் தேங்காய் நாரும் கந்தைத் துணியும் திணித்து, நீரை இறைத்தபடியே கரை சேருவர்.

புனித சின்னப்பர் உரோமைக்குச் சென்ற கப்பலையும், புயலில் மாலுமிகள் சுற்றிலும் கயிற்றால் கட்டி இறுக்கினர் என்கிறது திருத்தூதர் பணி 27-ஆம் அதிகாரம். இறுதியில் மால்தாவில் கப்பல் உடைந்தது. ஆனால் அதிலிருந்த 276 பேரும் பிழைத்தனர்.

இன்று நம்மிடம் கண்ணாடியிழைப் படகும் இயந்திரமும் உண்டு. எனினும் கடலில் ஓட்டை விழுந்தால் ஈரத்தில் பிசின் பிடிக்காது. அங்கும் கைகொடுப்பவை துணியும் கயிறுமே. 2017-இல் ஒக்கிப் புயலுக்கு நம் சகோதரர் பலரைப் பறிகொடுத்தோம். ஆகவே, இளைஞரே, பெரியோர் இருக்கும்போதே அவர்களிடம் அந்தக் கட்டுகளைக் கற்றுக்கொள்ளுங்கள். சமுத்திரத் தாரகையாம் அன்னை நம்மைக் காப்பாராக!