பிரிட்டிஷ் வாத்திய மெல்லிசையும் அதன் புரவலர்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி ஏறக்குறைய எண்பது ஆண்டுக் காலம் பிரிட்டனில் செழித்திருந்த வாத்திய மெல்லிசையை, சிம்பொனியின் கம்பீரத்துக்கு எட்டாத சில்லறைக் கலை என்று ஒதுக்கிவிடுவது விமரிசகர்களிடையே நெடுங்காலமாக வழக்கமாயிருந்து வருகிறது. அந்த இசையை வாசித்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர் யார் என்ற கேள்வியோடு அதன் சரித்திரத்தை ஆராய்வோமாயின், ரசனையின் ஏற்றத்தாழ்வைக் காட்டிலும் ஆதரித்த ஸ்தாபனங்களின் ஏற்றத்தாழ்வே அதன் வளர்ச்சியையும் ஒடுக்கத்தையும் நிர்ணயித்தது என்பது தெளிவாகப் புலப்படும்.

முதற் புரவலர்கள் கடற்கரை நகரசபைகள். ரயில் வண்டிகள் விடுமுறை மக்களைக் கொண்டுவந்து குவித்த நகரங்களுள் ஒன்றாகிய போர்ன்மவுத், 1893இல் டான் காட்ஃப்ரே என்பவரின் தலைமையில் தனக்கென ஒரு வாத்தியக் குழுவை அமைத்துக்கொண்டது. கடலுக்குள் நீண்டிருந்த பாலத்தின்மீது காற்றுவாங்க வந்தவர்களுக்கும், விண்டர் கார்டன்ஸ் என்னும் கண்ணாடி மண்டபத்தில் அமர்ந்து கேட்டவர்களுக்கும் நகரத்தின் பணத்திலேயே இசை வழங்கப்பட்டது. காட்ஃப்ரேக்கு 1922இல் ‘சர்’ பட்டம் கிடைத்தபோது, இத்தகைய நகரசபை இசைப்பணி தேசத்தின் கௌரவத்துக்கு உரியதென்பது அங்கீகரிக்கப்பட்டதாகவே கொள்ளலாம்.

இசையமைப்பாளரின் ஜீவனமோ வேறு விதமாக இருந்தது. எல்கார் 1888இல் இயற்றிய ‘சாலு தமூர்’ என்னும் சிற்றுருப்படியை அற்பத் தொகைக்குப் பதிப்பாளரிடம் ஒரேயடியாக விற்றுவிட்டபடியால், அது ஊரெங்கும் ஒலித்த காலத்தில் லாபமெல்லாம் பதிப்பாளரையே சேர்ந்தது. ஒவ்வொரு பொது வாசிப்புக்கும் இயற்றியவருக்குக் கட்டணம் வசூலித்துத் தரும் பொருட்டு 1914இல் ‘பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி’ தோன்றிய பின்னரே, ஹோட்டலில் மூவர் நால்வர் கூடி வாசிக்கக்கூடிய சிறு உருப்படியும் ஒருவருக்கு வருஷந்தோறும் வருமானம் தரும் சொத்தாயிற்று. மௌனப் படங்களுக்கும் இசை எழுதிக் கொடுத்த கெட்டெல்பியின் ‘மடாலயத் தோட்டத்தில்’ (1915), ‘பாரசீகச் சந்தையில்’ (1920) ஆகியவை இந்தப் புதிய ஏற்பாட்டின் பலனை நன்கு அனுபவித்தன.

இம்மரபின் சிகரம் எரிக் கோட்ஸ் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாட்டிங்காம்ஷயரிலுள்ள ஹக்னலில் 1886இல் பிறந்து, ராயல் அகாடமியில் பயின்று, ஹென்றி வுட்டின் குவீன்ஸ் ஹால் ஆர்க்கெஸ்ட்ராவில் தலைமை வியோலா வாசிப்பாளராக விளங்கிய அவர், 1919இல் அவ்வேலையை விட்டு முழுநேரமும் இசையமைக்கத் துணிந்தார். மேல் ஸ்தாயியில் வயலின்களும் கீழே செல்லோக்களும் பெயர் வாங்கிக்கொள்ள, நடுவில் அமர்ந்து பக்க ஸ்வரங்களையே வாசித்துப் பழகியவர் என்பதனாலேயே, எந்த வாத்தியத்தையும் சும்மா உட்காரவைக்காத நேர்த்தி அவருடைய எழுத்தில் படிந்தது என்பது என் அபிப்பிராயம். ‘லண்டன் ஸ்வீட்’ தொகுதியிலுள்ள ‘நைட்ஸ்பிரிட்ஜ்’ அணிநடை, 1933இல் ஒரு வானொலி நிகழ்ச்சியின் முகப்பிசையானதும், அதன் பெயர் கேட்டு பிபிசிக்கு ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்தன.

இதற்குள் பேசும் படம் வந்து, மௌனப் படத்துக்கு வாசித்துக்கொண்டிருந்த கலைஞர்களை வேலையற்றவர்களாக்கிவிட்டிருந்தது. அவர்களிற் சிலருக்கேனும் வானொலி புகலிடமாயிற்று. யுத்த காலத்தில், 1940 ஜூன் 23ஆம் தேதி தொடங்கிய ‘மியூசிக் வைல் யூ வர்க்’ நிகழ்ச்சி, காலையிலும் பிற்பகலிலும் அரைமணி நேரம் தொழிற்சாலைகளுக்கென்றே ஒலித்தது. இயந்திர இரைச்சலில் அமிழ்ந்துபோகாதபடி ஒலி ஒரே அளவில் நிற்கவேண்டும், தூக்கம் வரவழைக்கும் விளம்பகால மெட்டு கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன; ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்ஸஸ்’ பாடலின் கைத்தட்டலுக்குத் தொழிலாளர்கள் கருவிகளால் மேஜையைத் தட்டிவிடுவார்கள் என்று அஞ்சி அதனை விலக்கியே வைத்தார்கள். கோட்ஸின் ‘காலிங் ஆல் வர்க்கர்ஸ்’ இந்நிகழ்ச்சியின் முகப்பிசை. விற்பனை இசைத்தட்டுகளை இவ்வளவு நேரமே ஒலிபரப்பலாம் என்ற ஒப்பந்த வரம்பும் இருந்தமையால், மிஞ்சிய நேரத்தை நேரடி வாத்தியக் குழுக்களே நிரப்பவேண்டியிருந்தது. மெல்லிசைக்கு இதைவிடப் பெரிய புரவலர் வாய்த்ததில்லை.

குண்டுவீச்சில் குவீன்ஸ் ஹால் 1941இல் அழிந்தது. அதன் பெயரையே தாங்கிய ‘குவீன்ஸ் ஹால் லைட் ஆர்க்கெஸ்ட்ரா’, சாப்பல் நிறுவனத்துக்காக, கடையில் விற்காமல் செய்திப்படத்துக்கும் வானொலிக்கும் மட்டுமே பயன்படும் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தது. சார்லஸ் வில்லியம்ஸின் ‘டெவில்ஸ் கேலப்’ 1946இல் ‘டிக் பார்ட்டன்’ என்னும் துப்பறியும் தொடருக்குப் போய்ச் சேர்ந்தது. கனடாவிலிருந்து வந்த ராபர்ட் ஃபார்னனும் இத்தட்டுகளின் மூலமே நிலைபெற்றார்.

மெல்லிசை வேலைப்பாட்டின் நுட்பத்துக்கு இசையமைப்பாளர் ரொனால்ட் பிஞ்ச் ஒருவரே போதிய சான்று. வாத்தியக் குழுத் தலைவர் மாண்டோவானியின் ‘சார்மைன்’ (1951) பதிவுக்காக அவர் வயலின்களைப் பல பிரிவாகப் பிரித்து, மெட்டின் ஸ்வரங்களை ஒவ்வொரு பிரிவுக்கும் முறைவைத்துப் பங்கிட்டு, தன் ஸ்வரத்தை அடுத்தவர் தொடங்கிய பின்னும் நீட்டிப் பிடிக்கும்படி எழுதினார். எதிரொலிக் கருவி எதுவுமின்றி, பெரிய தேவாலயத்தினுள் கேட்பது போன்ற கார்வை காகிதத்திலேயே பிறந்தது.

ராக் இசை இளைஞர்களைக் கவர்ந்துகொண்டது மெய்யே. ஆயினும் 1967 செப்டம்பர் இறுதியில், 1945 முதல் இயங்கிவந்த பிபிசியின் ‘லைட் புரோகிராம்’ அலைவரிசை கலைக்கப்பட்டு, ‘மியூசிக் வைல் யூ வர்க்’கும் நிறுத்தப்பட்டதைத்தான் நான் பேரிழப்பாகக் கருதுகிறேன்; ரசிகரை இழந்த கலை சில காலம் தாங்கும், சம்பளத்தை இழந்த வாத்தியக் குழு ஒரு மாதங்கூடத் தாங்காது. பிபிசி 1952இல் அமைத்த கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா இன்றும் அம்மரபைக் காத்து வருகிறது. ஆர்தர் வுட் 1924இல் எழுதிய ‘பார்விக் கிரீன்’ ‘தி ஆர்ச்சர்ஸ்’ தொடரின் முகப்பாகவும், பிஞ்சின் ‘செய்லிங் பை’ கப்பல்களுக்கான வானிலை அறிக்கையின் முன்னிசையாகவும் வானொலியில் நிலைத்துவிட்டன. மெட்டை உடனே இனங்கண்டுகொள்ளும் நேயர்களிற் பெரும்பாலோர் இயற்றியவர் பெயரை அறியார்.