கணிப்பை வென்றவர் - நியூ ஹாம்ப்ஷயர், 2008

2008ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர் நடத்திய வேட்பாளர் தேர்வின் முடிவு வெளியாயிற்று. ஹிலாரி கிளிண்டன் 39 விழுக்காடு வாக்குகளையும், பராக் ஒபாமா 36.5 விழுக்காடு வாக்குகளையும் பெற்றிருந்தனர். வேறுபாடு ஏறத்தாழ ஏழாயிரத்து ஐந்நூறு வாக்குகள். கட்சி மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதிகளில் இருவருக்கும் கிடைத்தவர்கள் ஒன்பது ஒன்பது பேர். கணக்கின்படி இது சமநிலை என்றே சொல்ல வேண்டும். ஆயினும் மறுநாள் நாளேடுகள் இதனைச் சமநிலை என்று எழுதவில்லை. வீழ்ந்தவர் எழுந்தார் என்றே எழுதின.

கிளிண்டன் அன்று வென்றது ஒபாமாவை மட்டுமன்று, கருத்துக் கணிப்புகளையும்தான். ஐந்து நாட்களுக்கு முன் அயோவாவில் ஒபாமா முதலிடமும் கிளிண்டன் மூன்றாமிடமும் பெற்றிருந்தனர். அதன்பின் நியூ ஹாம்ப்ஷயரில் எடுக்கப்பட்ட கணிப்புகளின் சராசரி ஒபாமா எட்டுப் புள்ளிகள் முன்னிலையில் இருப்பதாகக் காட்டியது. காலப் நிறுவனத்தின் கடைசிக் கணிப்போ 41க்கு 28 என்றது. இந்த எண்கள் இல்லாதிருந்தால், இரண்டரைப் புள்ளி வேறுபாட்டை யாரும் மீட்சி என்று கொண்டாடியிருக்க மாட்டார்கள்.

இது அம்மாநிலத்தின் பழைய கதை. பிரைமரி எனப்படும் முதல்நிலைத் தேர்தலில் குடியரசுத் தலைவர் பதவிக்கான தம் வேட்பாளரைக் கட்சியின் வாக்காளர்களே மாநிலம் மாநிலமாகத் தேர்ந்தெடுக்கின்றனர். நியூ ஹாம்ப்ஷயர் 1920 முதல் பல்லாண்டுகள் அவ்வரிசையில் முதலிடத்தைக் காத்து வந்தது. 1952 முதல் வேட்பாளர்களின் பெயருக்கே நேராக வாக்களிக்கும் முறையும் அங்கு வந்தது. மிகச் சிறிய மாநிலம். அது தரும் பிரதிநிதிகளும் சிலரே. எனவே அங்கே பெற்ற வாக்கைவிட, எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் இடைப்பட்ட தொலைவே செய்தியாகிறது.

1968இல் குடியரசுத் தலைவராக இருந்த லிண்டன் ஜான்சன், வாக்குச்சீட்டில் தம் பெயரே இல்லாமல், வாக்காளர்கள் எழுதிச் சேர்த்த பெயராலேயே அங்கு வென்றார். ஆனால் யூஜின் மெக்கார்த்தி 42 விழுக்காடு பெற்றதால் ஜான்சன் தோற்றவர் ஆனார். அம்மாத இறுதியில் போட்டியிலிருந்தே விலகினார். 1972இல் எட்மண்ட் மஸ்கி 46 விழுக்காடு பெற்று வென்றார். இவ்வளவுதானா என்று கேட்டார்கள். 37 பெற்ற ஜார்ஜ் மெக்கவர்ன் உயர்ந்தார், இறுதியில் வேட்பாளரும் ஆனார். 1992இல் பில் கிளிண்டன் எட்டுப் புள்ளிகள் பின்தங்கி இரண்டாமிடம் பெற்றுவிட்டு வெற்றி உரையே ஆற்றினார்!

ஆக, இத்தகைய தேர்தலில் கருத்துக் கணிப்பு என்பது வெளியே நின்று அளக்கும் கோல் அன்று. வேட்பாளர் தாண்ட வேண்டிய உயரத்தை அதுதான் நிறுத்துகிறது. அந்தக் கோலே பிழைபட்டால், பிழையின் அளவும் வெற்றியோடு சேர்ந்துவிடுகிறது. 2008இல் நேர்ந்தது அதுவே.

பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு அன்றிரவே இரு விளக்கங்கள் தயாராகிவிட்டன. முதலாவது, கண்ணீர். தேர்தலுக்கு முந்தைய நாள் போர்ட்ஸ்மத் நகரின் காப்பிக் கடையொன்றில் பேசியபோது கிளிண்டனின் குரல் தழுதழுத்தது. பெண்கள் மனம் இரங்கினர் என்றனர். (1972இல் பனி பொழியும் தெருவில் மஸ்கி அழுதார் என்று எழுதியே அவரைப் பலவீனராக்கினார்கள். கன்னத்தில் இருந்தது உருகிய பனி என்று அவர் சொன்னது எடுபடவில்லை.) இரண்டாவது, நிறம். 1982இல் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் கணிப்புகளில் முந்தியிருந்த கறுப்பினத்தவரான டாம் பிராட்லி தோற்றதை நினைவூட்டி, வெள்ளையர்கள் கணிப்பாளரிடம் ஒன்று சொல்லிச் சாவடியில் வேறொன்று செய்தனர் என்றனர்.

இரண்டுமே சுவையான கதைகள். ஆனால் இத்துறை ஆய்வாளர்களின் சங்கம் மைக்கேல் ட்ராகாட் தலைமையில் அமைத்த குழு 2009 மார்ச்சில் தந்த அறிக்கை, நிறம் பற்றிய விளக்கத்துக்குச் சான்றில்லை என்றது. ஒரே காரணம் என்று எதையும் அது நிறுவவில்லை. பல சிறு காரணங்களைச் சுட்டியது. வாக்குச்சீட்டில் கிளிண்டனின் பெயர் மேற்பகுதியிலும் ஒபாமாவின் பெயர் அடியிலும் இருந்தது அவற்றுள் ஒன்று. என் பார்வையில் முதன்மையானது வேறு. அயோவாவுக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் இடையே இருந்தவை ஐந்தே நாட்கள். வார இறுதியில் ஓரிரு முறை தொலைபேசியில் அழைத்து, எடுத்தவரிடம் கேட்டு முடித்துவிட்டனர். பலமுறை அழைத்தால் மட்டுமே கிடைக்கக் கூடியவர்களிடையே கிளிண்டனுக்கு ஆதரவு மிகுதியாக இருந்தது. கல்வி குறைந்தவர்களும் தொழிற்சங்கக் குடும்பத்தினரும் போதிய அளவில் கணிப்புக்குள் வரவேயில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்ணீரைக் கண்டு மனம் மாறவும் வேண்டியதில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் விரிச்சி கேட்கச் செல்கின்றனர். ஆயர்மகள் கன்றுக்குச் சொல்லும் ஆறுதல் மொழி, காத்திருக்கும் தலைவிக்கு நற்சொல்லாகிறது. யாரோ ஒருவர் சொல் இன்னொருவரின் வருங்காலத்துக்குக் குறியாகிறது என்ற அளவில் கணிப்பும் அத்தகையதே. ஆனால் விரிச்சிக்கு ஒரு குரல் போதும். கேட்காமல் விடுபட்ட குரல்களைப் பற்றிய கவலை கணிப்பாளருக்கே உரியது.

அக்கவலையைத் துறைக்குக் கற்பித்தது, பெயரளவிலேனும் இலக்கியம் சார்ந்த ஓர் இதழ் என்பது நம்மைப் போன்ற சிற்றிதழ் வாசகர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். லிட்டரரி டைஜஸ்ட் 1936இல் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. திரும்பி வந்தவை சுமார் 23 இலட்சம். அவற்றைக் கொண்டு லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட், அதுவும் நாற்பத்தெட்டு மாநிலங்களில் நாற்பத்தாறில். தொலைபேசியும் காரும் உள்ளவர்களின் முகவரிகளையே பெரிதும் நம்பியது பிழை என்பது வழக்கமான பாடம். சீட்டைத் திருப்பி அனுப்பாத எழுபத்தேழு இலட்சம் பேர் யார் என்று எண்ணிப் பாராததும் அதே அளவு பிழை. 1938இல் இதழும் மறைந்தது. அது தவறிய அதே தேர்தலில், மிகக் குறைந்த எண்ணிக்கையினரைக் கேட்டே ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொல்லிப் பெயர் பெற்றவர் ஜார்ஜ் காலப். எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் பதின்மூன்று புள்ளி முன்னிலை என்று சொன்னது அவர் தொடங்கிய நிறுவனம்தான்.

2008இல் அதே வார இறுதியில் குடியரசுக் கட்சிக்கு எடுத்த கணிப்புகள் ஜான் மெக்கெய்ன் வெல்வார் என்று சரியாகவே சொல்லியிருந்தன. கருவி முற்றிலும் கெட்டதன்று என்பதற்கு இது சான்று. ட்ராகாட் குழுவுக்கு இறுதிவரை தொல்லை தந்தது மற்றொன்று. எண்களை உலகறிய வெளியிட்ட நிறுவனங்கள் சில, யாரை எவ்வாறு கேட்டோம் என்ற விவரத்தைத் தரத் தயங்கின. விவரம் தராத ஒரு நிறுவனத்தை 2009 செப்டம்பரில் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது.