ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம்

ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், தமிழ்நாட்டில் தஞ்சமடைந்த இலங்கைத் தமிழர்களுக்காக அவர்களே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்தும் தொண்டு நிறுவனம். இலங்கையில் நிகழ்ந்த 1983 இனக்கலவரத்தைத் தொடர்ந்து மக்கள் படகுகளில் தமிழ்நாட்டில் வந்திறங்கிய நிலையில், 1984இல் நிறுவப்பட்டது. நிறுவனர் எஸ். சி. சந்திரஹாசன், தந்தை செல்வா எனப்படும் இலங்கைத் தமிழ்த் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் மகன்.

பணிகள்: கல்வி, உடல்நலம், ஊட்டச்சத்து, மகளிர் மேம்பாடு, தொழிற்பயிற்சி, ஆவண உதவி. ஊட்டச்சத்துக் குறையைப் போக்க ஸ்பைருலினா என்னும் பாசி வளர்ப்பிலும் கழகம் ஈடுபட்டது. ஏதிலியர் முகாம்வாசிகளே பயிற்சி பெற்றுத் தொண்டர்களாகப் பணியாற்றுவது இதன் தனித்தன்மை.

ஆவண உதவி: இந்தியா 1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை; இங்கு பிறப்பதாலேயே ஏதிலியர் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமையும் கிடைப்பதில்லை. முகாமில் பிறந்த குழந்தை நாடற்றதாகிவிடாதிருக்க, உள்ளூர்ப் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அளிக்கப்பட்டு, குழந்தை இலங்கைக் குடியுரிமைக்குப் பதிவு செய்யப்படுகிறது. இதற்கான விண்ணப்பங்களை நிரப்பிச் சேர்ப்பிக்கக் கழகத் தொண்டர்கள் உதவுகின்றனர்.

பிற்கால வரலாறு: 1991இல் இந்தியாவின் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் செயல்படக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 2009இல் இலங்கையில் போர் முடிந்தபின், தாமாக விரும்பித் தாயகம் திரும்புவோருக்கு வழிகாட்டுதல் முக்கியப் பணியாயிற்று. 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது.